மினி டிவிடி கேம்கோடர் வீடியோக்கள்: காப்பி எடுத்தது, தேதி கண்டது, வெட்டியது

டிஸ்க்கில் நேரடியாக எழுதும் கேம்கோடர், கேசட்டுக்கும் மெமரி கார்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம்தான் ஓடியது. 2000இல் ஹிட்டாச்சி முதலில் கொண்டுவந்தது. பிறகு சோனி, பானாசோனிக், கேனான் என்று எல்லோரும் இறங்கினார்கள். மெமரி கார்டு மலிவானதும் கடைகளிலிருந்து சத்தமில்லாமல் மறைந்தது. ஆனால் கீழக்கரையில் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் அந்தக் குட்டி டிஸ்க்குகள் கிடக்கும். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளைமாரின் பெட்டிகளில், சென்ட் பாட்டிலுக்கும் பால்பவுடர் டின்னுக்கும் நடுவில் வந்து இறங்கிய சாமான் அது.

எங்கள் வீட்டுக் கேமரா மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. லாத்தாவின் (அக்காவின்) மூத்த மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்த கையோடு, "சின்னப் புள்ளையில எடுத்ததெல்லாம் இதுலதான் இருக்கு தம்பி, ஒண்ணா சேத்துக் குடு, கல்யாண வீட்டுல டிவியில போடணும்" என்று லாத்தா ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். முப்பதுக்கு மேல் டிஸ்க் இருக்கும். பாதி பெட்டியில், மீதி ஒன்றின் மேல் ஒன்றாக ரப்பர் பேண்ட் போட்டு. அந்த ரப்பர் பேண்ட் இளகி விளிம்பில் ஒட்டியிருந்தது.

எடிட்டிங் என்று பேர் சொன்னாலும் வேலையில் பெரும்பகுதி எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

மூடிய டிஸ்க், மூடாத டிஸ்க்

இந்த டிஸ்க்கின் விட்டம் 8 சென்டிமீட்டர், கொள்ளளவு 1.4 ஜிபி. உயர்ந்த தரத்தில் வைத்து எடுத்தால் 20 நிமிடம், நடுத்தரத்தில் 30, குறைந்த தரத்தில் 60. மச்சான் எப்போதும் நடுவில்தான் வைத்திருந்தார். கல்யாண வீடு, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு என்று நீளமாக எடுக்க வேண்டிய நாட்களில் மட்டும் 60க்கு மாற்றியிருக்கிறார். ஆள் கூட்டம் அசையும் இடத்திலெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறுவது அந்த டிஸ்க்குகளில்தான். நொடிக்கு 3 மெகாபிட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, பிற்பாடு எந்த மென்பொருளைப் போட்டாலும் அது திரும்பி வராது.

டின்னில் இரண்டு வகை இருந்தன. ஒரு முறைதான் எழுதக்கூடிய டிவிடி-ஆர், அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ. வகையைவிட முக்கியம், டிஸ்க் 'ஃபைனலைஸ்' செய்யப்பட்டதா, அதாவது மூடப்பட்டதா இல்லையா என்பது. எடுத்து முடித்ததும் கேமராவில் அந்த வேலையைச் செய்தால்தான் டிஸ்க்கின் உள்ளடக்க அட்டவணை எழுதப்பட்டு மற்ற பிளேயர்கள் அதைப் படிக்கும். செய்யாவிட்டால் எடுத்த கேமராவுக்கு மட்டும்தான் அது தெரியும், கம்ப்யூட்டருக்கு வெறும் டிஸ்க். விண்டோஸ் இன்னும் ஒரு படி மேலே போய், "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். அழித்து எழுதும் வகை டிஸ்க்கில் அதற்குச் சரி சொன்னால் கதை முடிந்தது. இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பதாக இருந்தால் இந்த ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மூடாத டிஸ்க்குகளை மூட கேமராதான் வேண்டும். கேமராவின் பேட்டரி உப்பிப்போயிருந்தது. பரவாயில்லை, இந்த வேலையை எப்படியும் பேட்டரியில் செய்யக்கூடாது. நடுவில் மின்சாரம் நின்றால் டிஸ்க் பாழ். அடாப்டர் முனையில் பச்சை பிடித்திருந்தது, கடற்கரை வீட்டில் செம்பு இருக்கிற எதுவும் தப்பாது. ராமநாதபுரத்தில் மொபைல் சர்வீஸ் செய்பவரிடம் முனையைச் சுத்தம் செய்து வாங்கி, இன்வெர்ட்டர் இருக்கிற அறையில் வைத்து ஒவ்வொன்றாக மூடினேன். ஒரு வேடிக்கை: டிஸ்க்கில் எவ்வளவு குறைவாக எடுத்திருக்கிறதோ அவ்வளவு அதிக நேரம் பிடிக்கும். மீதி இடத்தை கேமரா நிரப்பியாக வேண்டும். ஐந்து நிமிடக் காட்சி இருந்த டிஸ்க், நிறைந்த டிஸ்க்கைவிட நீளமாக ஓடிக்கொண்டே இருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

கேமரா உயிரோடு இல்லை என்றால் ஐசோபஸ்டர் என்கிற மென்பொருள் மூடாத டிஸ்க்கிலிருந்தும் காட்சிகளைத் தேடி எடுக்கும். காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள்தான், ஆனாலும் கேமரா கெட்டுப்போனவர்களுக்கு அதுவே நல்ல வழி.

உப்புத் தண்ணீரும் டிஸ்க்கும்

டிஸ்க்கைத் துடைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. தரவு சுற்றுப் பாதையில் இருப்பதால், அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல பகுதிகள் போகும். குறுக்காக விழுந்த கீறலை டிரைவ் பெரும்பாலும் தன் பிழைத்திருத்தத்தால் சமாளித்துவிடும். கைகழுவும் சோப்பு ஒரு துளி, கேன் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் மென்துணி. கேன் தண்ணீர் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்புப் படலம் நிற்கும், பிறகு அதைத் துடைக்கப் போய்க் கீறல் விழும்.

டிரைவ் விஷயத்தில் ஒன்று. வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் 8 சென்டிமீட்டர் டிஸ்க்கைப் போடவே கூடாது, சிக்கிக்கொள்ளும். தட்டு வெளியே வரும் வகையில் நடுவில் சின்ன டிஸ்க்குக்கு என்றே ஒரு பள்ளம் இருக்கும். லேப்டாப்பில் செருகும் மெல்லிய யூஎஸ்பி டிரைவ் ஒன்றும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றும் வைத்துக்கொண்டேன். ஒரு டிரைவ் படிக்க மறுத்த இடத்தை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

நல்ல நிலையில் இருந்த டிஸ்க்குகளிலிருந்து முழு ஐஎஸ்ஓ பிரதியாகவே (டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக) எடுத்தேன், கோப்புகளை மட்டும் இழுத்துப் போடவில்லை. வீட்டில் எடுத்த டிஸ்க்கில் பூட்டு எதுவும் கிடையாது, அதனால் சிக்கல் இல்லை. முரண்டு பிடித்தவற்றுக்கு லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்து ஓட்டி, கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருள். இதன் அழகு அது வைத்துக்கொள்ளும் வரைபடக் கோப்பில் இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடும். எந்த இடம் வந்தது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் வராத இடங்களில் மட்டும் முட்டும். அதே வரைபடத்தோடு டிஸ்க்கை மற்ற டிரைவுக்கு மாற்றினால், அந்த டிரைவ் படித்த துண்டுகள் இதே பிரதியில் போய் உட்காரும். துண்டின் அளவை டிவிடிக்கு உரிய 2048 பைட் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு டிஸ்க், இரண்டு கோப்பு, முப்பது காட்சி

பிரதிக்குள் போனால் விஓபி என்கிற வீடியோ கோப்புகள் இருக்கும். உள்ளே இருப்பது எம்பெக்-2 படமும் டால்பி ஏசி-3 ஒலியும். டிவிடி விதிப்படி ஒரு விஓபி கோப்பு 1 ஜிபியைத் தாண்டக்கூடாது, அதனால் நிறைந்த டிஸ்க்கில் இரண்டு கோப்பாக உடைந்திருக்கும். இந்த உடைப்புக்கும் காட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மருமகன் கேக் வெட்டக் கத்தியைத் தூக்கிய இடத்தில் முதல் கோப்பு முடிந்து, கேக்கில் கத்தி இறங்குவது அடுத்த கோப்பில் இருந்தது. இரண்டையும் தனித்தனியாக எடிட்டரில் போட்டால் ஒட்டும் இடத்தில் ஒரு துள்ளலும் ஒலியில் ஒரு 'டப்'பும் வரும்.

இன்னொரு தலைவலி நேர முத்திரை. கேமரா ஒவ்வொரு முறை நிறுத்தி எடுக்கும்போதும் உள்ளே ஓடும் நேரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அப்படிப்பட்ட கோப்பை அப்படியே திறந்தால் அரை மணி நேர வீடியோவை மூன்று நிமிடம் என்று எடிட்டர் காட்டும், நடுவில் இழுத்தால் வேறு எங்கோ போய் நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: விஓபியை நேராகத் தொடாமல், டிஸ்க்கின் அட்டவணையைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் வழியாக எடுப்பது. நான் மேக்எம்கேவி பயன்படுத்தினேன். அது படத்தையும் ஒலியையும் மாற்றாமல் எம்கேவி உறைக்குள் (கோப்பு வடிவத்துக்குள்) மாற்றி வைக்கும். ஒரு அமைப்பை மட்டும் மாற்றியாக வேண்டும். 120 நொடிக்குக் குறைவான தலைப்புகளை (தனித்தனி வீடியோத் துண்டுகளை) தள்ளிவிடும்படி அது ஆலையிலிருந்தே வருகிறது. சினிமா டிஸ்க்குக்கு அது சரி. நம் டிஸ்க்கில் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற காட்சிகள்தான் பாதி. அந்த எண்ணை பூஜ்யம் ஆக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் என்கிற கட்டளைவரி மென்பொருள் பழகியவர்களுக்கு 7.0 பதிப்பிலிருந்து டிவிடி அட்டவணையையே படிக்கும் வசதி வந்திருக்கிறது, அதுவும் நல்ல வழி.

எம்கேவியில் அத்தியாயக் குறிகள் வந்துவிடும். எம்கேவிடூல்நிக்ஸ் மென்பொருளில் "ஒவ்வொரு அத்தியாயத்திலும் பிரி" என்று கொடுத்தால், மச்சான் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திய ஒவ்வொரு இடமும் தனிக் கோப்பாக வந்து விழும். ஒரு சில டிஸ்க்குகள் விஆர் என்கிற வேறொரு பதிவு முறையில் எடுத்தவை. அவற்றில் விஓபிக்குப் பதில் ஒரே ஒரு பெரிய விஆர்ஓ கோப்பு இருக்கும். அதற்கு எம்பிஜி என்று பெயர் நீட்சி மாற்றினாலே விஎல்சியில் ஓடிவிடும், பிரிப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

எது முந்தி, எது பிந்தி

டிஸ்க்கின் மேல் மச்சான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை: "வீடு", "வீடு 2", "பாம்பன்", "வீடு புதுசு". தேதி எதிலும் இல்லை. கோப்பின் தேதியை நம்பவும் முடியாது.

நல்லவேளையாக அந்தக் கேமராவில் எடுத்த நாளையும் நேரத்தையும் சப்டைட்டிலாகப் பதியும் வசதி இயக்கத்தில் இருந்தது. விஎல்சியில் சப்டைட்டில் தடத்தைப் போட்டதும் கீழே தேதி ஓடியது. வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு டிஸ்க்கில் பின்னணியில், சூரியன் அடைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு கேட்கிறது. கீழே நேரம் மாலை 4:50 என்கிறது. நம் ஊரில் எந்த மாதத்திலும் சூரியன் அந்த நேரத்துக்கு அடையாது. 6:20 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி சரியாக ஒன்றரை மணி நேரம், அதாவது துபாய்க்கும் இந்தியாவுக்கும் உள்ள வித்தியாசம். மச்சான் கடையில் வாங்கியபோது வைத்த நேரத்தை ஊருக்கு வந்தும் மாற்றவே இல்லை. முதல் பாதி டிஸ்க்குகள் அத்தனைக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டினேன்.

இரண்டாம் பாதி இதைவிட மோசம். ஏதோ ஒரு கட்டத்தில் கேமரா பல மாதம் தொடாமல் கிடந்து, உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி இறங்கி, தேதி ஆலைத் தொடக்கமான ஜனவரி 1க்குப் போய்விட்டது. அதன் பிறகு எடுத்த டிஸ்க்குகள் எல்லாம் கேமரா கடைக்கு வருவதற்கு முந்தைய தேதியைக் காட்டுகின்றன. ஆனால் தேதிதான் தவறு, கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ஒரே ஒரு காட்சியின் உண்மையான நாள் கிடைத்தால் போதும், வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் கூட்டிவிடலாம்.

கிடைத்தது. நோன்பு திறக்கும் காட்சி ஒன்று. தரையில் பாய் விரித்து நோன்புக் கஞ்சியும் வடையும், சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள், மூலையில் டிவி. ஒருவர் கண்ணும் கஞ்சியில் இல்லை, எல்லாம் டிவியில். அதே டிஸ்க்கில் அடுத்த காட்சி வீடே அலறுகிற சத்தத்தில் தொடங்குகிறது, கேமரா கூரையையும் தரையையும் காட்டிவிட்டு டிவிக்குத் திரும்பும்போது இந்திய வீரர்கள் ஓடிவருகிறார்கள், ஓரத்தில் பாகிஸ்தான் 152. முதல் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க், 5 ரன்னில் வெற்றி. அந்த ஆண்டு ரமலான் செப்டம்பர் நடுவில்தான் பிறந்தது, ஆகவே கஞ்சியும் கிரிக்கெட்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

கேமரா அந்த இரவை ஜனவரி 23 அதிகாலை 4 மணி என்கிறது. நம் கணக்கில் செப்டம்பர் 24 இரவு 9 மணி வாக்கில். அப்படியானால் கேமராவின் ஜனவரி 1 நள்ளிரவு என்பது செப்டம்பர் 2 மாலை 5 மணி. அந்தத் தொடரின் முதல் டிஸ்க் எது என்று பார்த்தால் "பாம்பன்". மாலை வெயில், சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். 2007 செப்டம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. பாம்பன் ரயில் பாலம் மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதைக்கு மாறி மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது 2007 ஆகஸ்டில். புது ரயிலைப் பார்க்க ஊரே போன நாட்கள் அவை. வீடியோவில் வருவதும் அகலப் பாதைப் பெட்டிகள்தான். அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். மருமகன் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது தன்னைப் பற்றி அல்ல, "மாமா, இது பழைய பாலமா?" என்றுதான்.

டிவி இல்லாத டிஸ்க்குகளுக்கு வேறு தடயங்கள் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூடு துல்கஃதா என்கிற இஸ்லாமிய மாதத்தில் வரும். ஹிஜ்ரி ஆண்டு 11 நாள் குறைவு என்பதால் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகரும். 2006இல் டிசம்பர் நடுவில், 2007இல் டிசம்பர் தொடக்கத்தில். தனுஷ்கோடிக் காட்சியில் வேன் மணலில் ஆடி ஆடிப் போகிறது என்றால் அது அரிச்சல்முனைக்குச் சாலை வந்த 2017க்கு முன். மாதம் தெரிய வேண்டுமானால் கடலைப் பாருங்கள். கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) பிறந்தால் தலைகீழ். பாம்பன் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் திருப்பி எடுத்த காட்சி கையில் இருந்தால் மீன்பிடிக்கப் போகிற எவரும் பார்த்த மாத்திரத்தில் பருவத்தைச் சொல்லிவிடுவார்.

கண்டுபிடித்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போட்டேன். பெயரால் அடுக்கினால் காலவரிசை தானாக வந்துவிடும்.

காற்றை என்ன செய்வது

பாம்பனில் எடுத்தது அத்தனையிலும் காற்றுச் சத்தம். இப்போது எல்லா மென்பொருளிலும் ஒரு சொடுக்கில் இரைச்சலை நீக்கும் கருவி இருக்கிறது. போட்டுப் பார்த்ததில், அது கடலையும் சேர்த்தே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டது. அலைச் சத்தமும் எல்லா அலைவரிசையிலும் பரவிய ஒலிதான், கருவிக்கு வித்தியாசம் தெரியாது. கடல் போய், மிஞ்சிய பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. கடற்கரையில் எடுத்த வீடியோவுக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பலன் தந்தது எளிய வழி. சுமார் 120 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் வடிகட்டி. காற்று மைக்கில் மோதும் 'தட தட' பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. பேச்சின் தெளிவு அதற்கு மேலே. முழு வீடியோவுக்கும் போடாமல் காற்றடிக்கும் காட்சிகளுக்கு மட்டும் போட்டேன். காற்றில் மைக்கே திணறி ஒலி உச்சியில் முட்டி நசுங்கிய இடங்கள் சில உண்டு. அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒலியைத் தாழ்த்திவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். பாட்டுப் போட்டு மறைக்கலாமே என்று மருமகள் சொன்னாள். அந்தக் காற்றுக்குள் உம்மம்மா "கம்பியப் புடிச்சிக்க, கம்பியப் புடிச்சிக்க" என்று யாரையோ அதட்டுவது அரைகுறையாகக் கேட்கிறது என்பதால் மறுத்துவிட்டேன்.

கோடு கோடாகத் தெரிவது, ஆள் ஒல்லியாகத் தெரிவது

பழைய வீடியோவை லேப்டாப்பில் பார்த்தால் அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். கெட்டுப்போனது அல்ல. பால் (PAL) என்கிற டிவி முறையில் நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிந்து, இரண்டிரண்டாகக் கோத்து 25 படமாக வைத்திருக்கிறார்கள். பழைய டிவி அதை அரையரையாகவே காட்டியது, இன்றைய திரை முழுதாகக் காட்டுகிறது. இதைப் பிரிக்கும்போது பலர் 25 படமாகவே பிரித்துவிடுகிறார்கள், அசைவின் வழுவழுப்பு பாதியாகக் குறைந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டியில் ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக்கி 50 ஆக எடுங்கள். பிள்ளைகள் ஓடுகிற காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அகலத்தையும் கவனிக்க வேண்டும். டிஸ்க்கில் படம் எப்போதும் 720க்கு 576 புள்ளிகள்தான். அகலத்திரையில் எடுத்ததா, பழைய சதுர டிவிக்கு எடுத்ததா என்பதைச் சொல்லும் ஒரு குறி தனியாக இருக்கும். அகலத்திரை என்றால் 1024க்கு 576 ஆக விரித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 768க்கு 576. மச்சான் இரண்டு முறையிலும் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார். எடிட்டர் குறியைக் கவனிக்காமல் விட்டால் அகலத்திரைக் காட்சியில் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். "அப்ப நான் இவ்வளவு மெலிஞ்சா இருந்தேன்?" என்று மச்சான் மகிழ்ந்துபோனார், திருத்திக் காட்டியதும் முகம் வாடிவிட்டது.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வேலைக்கு நான் போகவில்லை. தூரத்தில் நிற்கிறவரின் முகத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது தானாக வரைந்துவிடுகிறது. வேறு யாருக்காவது அது அழகாக இருக்கலாம். வீட்டு ஆளின் முகம் வீட்டு ஆளுக்குத் தெரியும்.

வெட்டியது

இரண்டு விதமாக வெட்டினேன். முதலாவது பாதுகாப்புப் பிரதி. அதில் லாஸ்லெஸ்கட் மென்பொருளால், மறுபடி சுருக்காமல், கேமரா அணையாமல் பைக்குள் இருந்து ஓடிய நிமிடங்களை மட்டும் நீக்கினேன். இப்படி வெட்டும்போது நினைத்த படத்திலேயே கத்தி விழாது. எம்பெக்-2இல் முழுப்படம் சுமார் அரை நொடிக்கு ஒரு முறைதான் வரும், அங்கேதான் வெட்ட முடியும். வீட்டு வீடியோவுக்கு அரை நொடி ஒரு பொருட்டில்லை. தரம் துளிகூடக் குறையாது.

இரண்டாவது, கல்யாண வீட்டு டிவிக்கான படம். இதை ஷாட்கட்டில் செய்தேன். இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும், இந்தப் பழைய கோப்புகளோடு சண்டை போடாது. மினுக்கு மாற்றங்கள், எழுத்து பறந்து வருவது எதுவும் வைக்கவில்லை. காட்சிக்குக் கீழே ஊர், மாதம், ஆண்டு மட்டும். தொதல் என்கிற இனிப்பைக் கிண்டுகிற காட்சியை உதாரணமாகச் சொல்கிறேன். மச்சான் சட்டியை மட்டும் பத்து நிமிடம் எடுத்திருக்கிறார். முதலில் நாற்பது நொடியாகக் குறுக்கினேன். லாத்தா பார்த்துவிட்டு, "கிண்டிக் கிண்டி ஆள் மாறுதுல, அத ஏன் வெட்டுன?" என்றார். உண்மைதான், கை ஓய்ந்ததும் அகப்பை ஆள் விட்டு ஆள் மாறுகிறது. அந்த வீட்டில் அன்று யார் யார் இருந்தார்கள் என்பது அந்தக் கை மாற்றத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் கைக்கும் அகப்பை போகிற இடத்தை வைத்து மூன்று நிமிடமாக ஆக்கினேன்.

அதிகம் யோசிக்க வைத்தது வெட்டும் நுணுக்கம் அல்ல, யார் பார்க்கப்போகிறார்கள் என்பது. கல்யாண வீட்டு டிஸ்க்குகளில் பெண்கள் பக்கத்தில் எடுத்தவை உண்டு. அன்று எடுத்தது வீட்டுப் பெண்களில் ஒருவர், பார்க்கப்போவதும் வீட்டுக்குள்தான் என்ற நம்பிக்கையில் எடுத்தது. முக்காடு இல்லாமல், சிரித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு. இன்று ஒரு காட்சியை வாட்ஸ்அப்பில் போட்டால் மாலைக்குள் துபாய், சென்னை, கோலாலம்பூர் எல்லாம் சுற்றிவரும். மண்டபத்தில் ஆண்களும் இருப்பார்கள். அதனால் அந்தக் காட்சிகளை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு லாத்தாவிடமே கொடுத்தேன். அவரும் சாச்சியும் உட்கார்ந்து பார்த்து, எது டிவிக்குப் போகலாம், எது பெண்கள் பக்கத்தோடு நிற்க வேண்டும் என்று பிரித்துத் தந்தார்கள். உடன் இருந்த இருவரிடம் போனில் கேட்டும்விட்டார்கள். அப்படியாகப் படம் இரண்டு பதிப்பானது. பெண்கள் பதிப்பு நீளம் கூட, சொல்லப்போனால் அதுதான் கலகலப்பாகவும் இருக்கும் போல. தொடக்கத்தில் கேட்ட சிரிப்பை வைத்துச் சொல்கிறேன், முழுதாக நான் பார்க்கவில்லை.

இறுதிக் கோப்பு எச்.264, 50 படம், ஏஏசி ஒலி, எம்பி4 உறை. இன்றைய டிவிகளில் பெரும்பாலானவற்றின் யூஎஸ்பி துளையில் ஓடும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் இரண்டு பாகமாகப் பிரித்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னேன்; இல்லையென்றால் இவ்வளவு பாடுபட்டதை அது மறுபடி நசுக்கிவிடும்.

டிஸ்க் பிரதிகள் எல்லாம் சேர்த்து 64 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிடும் அளவுதான். ஆனாலும் பென் டிரைவை நம்பாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறோம், ஒன்று இங்கே, ஒன்று சென்னையில் காக்கா (அண்ணன்) வீட்டில். மூல டிஸ்க்குகளையும் எறியவில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடியிறுகிய டப்பாவில் இருக்கின்றன.

"வீடு 2" என்ற டிஸ்க்கில் மட்டும் விளிம்போரம் ஒரு பகுதி இரண்டு டிரைவிலும் வரவில்லை, ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்த டிஸ்க் அது. சுமார் ஒரு நிமிடக் காட்சி. வரைபடக் கோப்பைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். வேறு கம்பெனி டெஸ்க்டாப் டிரைவ் ஒன்று தருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.